இணைய அணுகல் விளக்கங்களும் பதிப்புரிமையும்

பார்வையற்றவர், காது கேளாதவர், கை நடுக்கம் உள்ளவர், எழுத்துக்கூட்டிப் படிப்பவர் ஆகியோர் ஒரு வலைத்தளத்தைத் தடையின்றிப் பயன்படுத்த முடிகிறதா என்பதைப் பிறர் காணச் செய்துகாட்டுவது இணைய அணுகல் விளக்கம் எனப்படும். பயிற்சி வகுப்பு, ஆய்வறிக்கை, இதழ்க் கட்டுரை, காணொலி, நீதிமன்ற மனு எனப் பல இடங்களில் இது பயன்படுகிறது. புழக்கத்தில் உள்ள தளத்தையே எடுத்துக் காட்டும்போது, அதன் எழுத்து, ஒளிப்படம், சின்னம், நிரல் ஆகியவை வேறொருவரின் பதிப்புரிமைக்கு உட்பட்டவையாக இருக்கும். அவற்றில் எதை, எவ்வளவு, எதற்காக எடுக்கலாம் என்ற கேள்விக்கு இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விடை தருகிறது. இக்கட்டுரை அந்தச் சட்டத்தை மையமாகக் கொண்டு, எடுத்துக்காட்டுகளை விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து தருகிறது.

மரக்காணமும் இப்பொருளும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உள்ளது. பக்கிங்காம் கால்வாயின் தென்முனை இதுவே. கழுவெளி நீர்ப்பரப்பை ஒட்டி 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளங்கள் பரந்துள்ளன. ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீரமைத்து, வடகிழக்குப் பருவமழை வரும்வரை உப்பு வாருவது இங்குள்ள வழக்கம். மழைக்காலத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது.

இக்கரைக்கும் பதிப்புரிமைக்கும் இரு தொடர்புகள் உண்டு. உப்பைக் கவனிக்கும் உப்பு ஆணையர் அமைப்பும், 2016 முதல் பதிப்புரிமை நிர்வாகமும், ஒன்றிய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் கீழேயே வருகின்றன. மற்றொன்று தமிழர் அனைவருக்கும் உரிய வரலாறு. திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட பகுதியிலுள்ள ஓமந்தூரில் பிறந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோதுதான், ஒரு கவிஞரின் பதிப்புரிமையை அரசே வாங்கிப் பொதுவாக்கும் முயற்சி தொடங்கியது.

வரலாறு

இந்தியாவின் முதல் பதிப்புரிமைச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1847இல் இயற்றப்பட்டது. அதன்பின் பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டம் சில மாற்றங்களுடன் 1914இல் இந்தியாவுக்கு விரிவாக்கப்பட்டது. தனிப்பட்ட படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், மதிப்புரை, செய்திச் சுருக்கம் ஆகியவற்றுக்காக ஒரு படைப்பை நியாயமாகக் கையாளுவது உரிமை மீறல் ஆகாது என்ற கொள்கை 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே இங்கு வந்தது. இன்று வலைப்பக்கம் ஒன்றின் குறையைத் திரையில் காட்டும் பயிற்சியாளரும் இந்தக் கொள்கையின் மேல்தான் நிற்கிறார்.

தமிழ்நாட்டில் பதிப்புரிமை பொதுமக்கள் பேசும் பொருளானது பாரதியார் பாடல்களால். பாரதி 1921இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளின் உரிமை குடும்பத்தாரிடம் இருந்து கைமாறியது. பாடல்களை ஒலிவடிவில் பயன்படுத்தும் உரிமை தனியே விற்கப்பட்டு, 1940களில் படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. 1947இல் வெளிவந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தன. அடுத்த ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்த்தபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. தேசியக் கவி ஒருவரின் பாடலைப் பாட அனுமதி கேட்க வேண்டுமா என்ற கேள்வி எழுத்தாளர்களையும் நாடகக் கலைஞர்களையும் ஒன்றுசேர்த்தது. நாரண துரைக்கண்ணன் முதலானோர் பாரதி விடுதலைக் கழகம் அமைத்து இயக்கம் நடத்தினர். மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். 1949இல் அரசு உரிமைகளைப் பெற்றது. 1955இல் பாரதி படைப்புகள் மக்களின் பொதுச்சொத்தாயின. இந்த நிகழ்வுகளை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பாரதியில் தொடங்கிய நாட்டுடைமையாக்கம் பின்னர் வந்த அரசுகளிலும் தொடர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் இன்று எவரும் அச்சிடவும் இணையத்தில் ஏற்றவும் கூடியவையாக உள்ளன. தமிழில் அணுகல் பயிற்சி தருவோருக்கு இது பெரும் கொடை. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பு மென்பொருள் தமிழை எப்படி உச்சரிக்கிறது, தலைப்பு அடுக்குகள் எப்படி அமைய வேண்டும் என்பவற்றைக் காட்ட, யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்தாளத்தக்க நல்ல தமிழ் உரைநடையும் கவிதையும் ஏராளமாகக் கிடைக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னுரைகளும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இத்தகைய பொருளைத் தருகின்றன.

விடுதலை இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டு, 1958 ஜனவரி 21 அன்று நடைமுறைக்கு வந்தது. கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதும் திருத்தம் 1984இல் வந்தது. 1994, 1999 திருத்தங்கள் நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் அதைக் கவனித்து ஆராயவும் சோதிக்கவும் இடம் தந்தன. 2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் இப்பொருளில் மிகப் பெரிய மாற்றம். மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் எந்தப் படைப்பையும் மாற்றித் தர அது வழி திறந்தது.

அணுகல் நெறிகளின் தோற்றம்

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1997இல் வலை அணுகல் முன்னெடுப்பைத் தொடங்கியது. அதன் வலை உள்ளடக்க அணுகல் நெறிகள் 1999 மே மாதம் முதல் பதிப்பாகவும், 2008 டிசம்பரில் 2.0 பதிப்பாகவும் வெளியாயின. 2.1 பதிப்பு 2018இலும் 2.2 பதிப்பு 2023 அக்டோபரிலும் வந்தன. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் முதலில் வெளியிடப்பட்டு, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டன. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கும் சேவைகளுக்குமான அணுகல் தரம் ஐ.எஸ். 17802 என்ற எண்ணில் உள்ளது.

தமிழ்த் தளங்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருந்தது. ஒருங்குறி பரவும் முன்பு ஒவ்வொரு இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். திரைவாசிப்பு மென்பொருள் அவற்றை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆங்கில ஒலிகளாகப் படித்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு, தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் பரிந்துரைத்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் ஏற்றது. பழைய குறியேற்றப் பக்கங்களின் சேமித்த நகல்கள் இன்றும் பயிற்சிகளில் காட்டப்படுகின்றன. பார்வையுள்ளவர் படித்து மகிழ்ந்த அதே பக்கம் பார்வையற்றவருக்கு வெறும் இரைச்சலாக இருந்ததை இவற்றைப்போல் உணர்த்துவது வேறெதுவும் இல்லை.

ஒரு பக்கத்தில் அடங்கிய உரிமைகள்

ஒரே வலைப்பக்கத்தில் பல உரிமைகள் அடுக்கடுக்காக உள்ளன.

எழுத்து: ஆசிரியர் வாழ்நாளும் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. அரசு வெளியீடுகளுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்.

ஒளிப்படம்: 2012 திருத்தத்துக்குப் பின் ஒளிப்படத்துக்கும் எடுத்தவரின் வாழ்நாளும் 60 ஆண்டுகளும் கணக்கு. மரக்காணத்து உப்புக் குவியல்களின் படத்தை ஒரு நாளிதழ்த் தளம் ஒளிப்படக்காரரிடம் அனுமதி பெற்று வைத்திருக்கலாம். அந்த அனுமதி தளத்தைத் தாண்டிப் பிறருக்குச் செல்லாது.

நிரல்: பக்கத்தை இயக்கும் நிரல் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. நியாயமான கையாளுகை பற்றிய 52(1)(அ) உட்பிரிவு நிரலுக்குப் பொருந்தாது; அதற்கு ஆய்வு, சோதனை பற்றிய தனி உட்பிரிவுகள் உள்ளன.

சின்னமும் பெயரும்: இவை வணிகக் குறிச் சட்டத்தின் கீழும் வருகின்றன. தளத்தை அடையாளம் காட்டுவதற்காகப் பெயரைச் சொல்வது நேர்மையான பயன்பாடு.

அளவீடுகள்: இவற்றுக்கு எவரும் உரிமை கோர முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாட்டு விகிதம், படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரை இல்லாத படங்களின் எண்ணிக்கை, விசைப்பலகையால் எட்ட முடியாத பொத்தான்கள் ஆகியவை உண்மைச் செய்திகள். கருத்துக்கும் உண்மைக்கும் பதிப்புரிமை இல்லை. அவற்றின் வெளிப்பாட்டு வடிவத்துக்கே உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கியது.

விளக்க முறைகளின் வகைகள்

எவ்வளவு எடுத்தாளுகின்றன என்பதைக் கொண்டு விளக்கங்களை எட்டாகப் பிரிக்கலாம்.

1. சுட்டுதல். தளத்தின் முகவரியைத் தந்து குறையைச் சொற்களால் விவரிப்பது. படைப்பு எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. இதன் குறை, தளம் மாறியதும் சான்று மறைந்துவிடுவது.

2. கூட்டுக் கணக்கு. பல தளங்களைச் சோதித்து முடிவுகளை மட்டும் வெளியிடுவது. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்து வருகிறது. 2019இல் 97.8 விழுக்காட்டுப் பக்கங்களிலும் 2025இல் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களிலும் குறைகள் கண்டறியப்பட்டன. ஆண்டுதோறும் முதலிடத்தில் இருப்பது மங்கலான எழுத்து.

3. நேரடிக் காட்டல். வகுப்பில் தளத்தைத் திறந்து, திரையை அணைத்துவிட்டு, மென்பொருள் படிப்பதைக் கேட்கச் செய்வது. பக்கம் ஏற்றப்படும்போது கணினியில் தற்காலிகமாகச் சேமிக்கப்படுவதைச் சட்டம் மீறலாகக் கொள்வதில்லை.

4. ஸ்கிரீன்ஷாட். பக்கத்தின் ஒரு பகுதியைப் படமாக எடுத்துக் குறியிட்டுக் காட்டுவது. மிகப் பரவலான முறை இதுவே.

5. திரைப்பதிவு. மென்பொருளின் குரலோடு காணொலியாகப் பதிவது. விசைப்பலகையில் சிக்கிக்கொள்ளும் இடத்தை இதுவே தெளிவாகக் காட்டும்.

6. சேமித்த நகல். முழுப் பக்கத்தையும் இறக்கி வைத்துக்கொள்வது. தனிப்பட்ட ஆராய்ச்சிக்காக மின்வடிவில் சேமிப்பதை 52ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பு அனுமதிக்கிறது. அந்த நகலைப் பொதுவில் ஏற்றுவது வேறு செயல்.

7. திருத்திய நகல். பழுதான பக்கத்தையும் அதைச் சரிசெய்த வடிவையும் அருகருகே வைப்பது. கற்பிப்பதற்கு மிகச் சிறந்த முறை. மூலத்தை மாற்றுவதால் உரிமைக் கேள்விகளும் இங்கேதான் மிகுதி.

8. புனைவுப் பக்கம். இல்லாத ஊர், இல்லாத நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்து, குறைகளை வேண்டுமென்றே வைத்துக் காட்டுவது. வலை அணுகல் முன்னெடுப்பின் ‘முன்னும் பின்னும்’ விளக்கம் சிட்டிலைட்ஸ் என்ற புனைவுத் தளத்தைக் கொண்டது. இதில் உரிமைச் சிக்கல் இல்லை.

புனைவுப் பக்கம் பாதுகாப்பானது என்றாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அதிகாரியிடமோ நிறுவனத்திடமோ அதைக் காட்டினால், அவர் தம் தளம் அப்படி இல்லை என்று நம்பிக்கொண்டே எழுந்து போய்விட முடியும். உப்பளத் தொழிலாளி விண்ணப்பிக்க வேண்டிய பக்கம் எதுவோ, அந்தப் பக்கத்தின் குறைதான் அவரைத் தடுக்கிறது. திருத்தப்பட வேண்டியது அதுதான்; காட்டப்பட வேண்டியதும் அதுதான்.

சட்ட வழிகள்

நியாயமான கையாளுகை. தனிப்பட்ட பயன்பாடும் ஆராய்ச்சியும், விமர்சனமும் மதிப்புரையும், நடப்புச் செய்தி அறிவித்தல் ஆகியவற்றுக்காகப் படைப்பை நியாயமாகக் கையாளலாம் என்கிறது 52(1)(அ). அந்தப் படைப்பையோ வேறு படைப்பையோ விமர்சிப்பதற்காக என்ற சொற்கள் அதில் உள்ளன. எனவே பக்கத்தின் எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அதன் வடிவமைப்பை மட்டும் குறை கூறுவதற்காக அந்த எழுத்தின் ஒரு பகுதியைக் காட்டினாலும் அது விமர்சனமே. அணுகல் விளக்கம் இந்த உட்பிரிவில் இயல்பாகப் பொருந்துகிறது.

கற்பித்தல். பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை 52(1) பிரிவின் மற்றோர் உட்பிரிவு அனுமதிக்கிறது. கல்லூரி வகுப்பில் மாணவர்களுக்குத் தரும் ஸ்கிரீன்ஷாட் தொகுப்பு இதில் அடங்கும்.

நிரல் சோதனை. சட்டப்படி நிரலைப் பெற்றவர் அதன் செயல்பாட்டைக் கவனிக்கவும் ஆராயவும் சோதிக்கவும் செய்யலாம். உலாவியின் ஆய்வுக் கருவியில் பக்கத்தின் உள்ளமைப்பைப் பார்ப்பது இவ்வகை.

அணுகத்தக்க வடிவம். 2012இல் சேர்ந்த 52(1) பிரிவின் இறுதிப் பகுதி உட்பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படைப்பை அடைவதற்காக எவரும் அதை அணுகத்தக்க வடிவில் மாற்றவும் நகலெடுக்கவும் பகிரவும் இடம் தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்காகப் பணிபுரியும் அமைப்புகளும், வழக்கமான வடிவம் தடையாக இருக்கும்போது, லாபமின்றித் தயாரிப்புச் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு இதைச் செய்யலாம். லாப நோக்குள்ளவர்கள் 31பி பிரிவின் கீழ் கட்டாய உரிமம் கோரலாம். திருத்திய நகல் பார்வையற்ற பயனாளரின் கைக்குச் சேருமானால் இந்த உட்பிரிவே அதற்குப் போதிய பாதுகாப்பு. நிரலாளர்களுக்குக் காட்டுவதற்கு மட்டும் திருத்தினால், விமர்சனம் என்ற வழியே பொருந்தும். அப்போது தேவையான பகுதியை மட்டும் திருத்திக் காட்டுவது நல்லது.

படைப்பாளரின் சிறப்பு உரிமைகள். 57ஆம் பிரிவின்படி, தம் பெயரைக் கோரவும், தம் மதிப்பைக் குலைக்கும் சிதைவைத் தடுக்கவும் படைப்பாளருக்கு உரிமை உண்டு. திருத்திய நகலில் மூலத்தின் ஆசிரியர் பெயரும் ‘பயிற்சிக்காகத் திருத்தப்பட்டது’ என்ற குறிப்பும் இருக்க வேண்டியது இதனால்தான்.

நீதிமன்றங்கள் நோக்கிய விதம்

சென்னை உயர் நீதிமன்றம் பாடநூல்களுக்கான வழிகாட்டி நூல்கள் பற்றிய பிளாக்வுட் - பரசுராமன் வழக்கில் (1959இல் தீர்ப்புத் தொகுப்பில் வெளியானது), நியாயம் என்பதை அளக்க இரண்டு கேள்விகளை ஆராய்ந்தது: மூல நூலோடு போட்டியிட்டு லாபம் காணும் எண்ணம் இருந்ததா, எடுத்தாண்டவரின் நோக்கம் முறையற்றதா. அணுகல் விளக்கம் எந்தத் தளத்தோடும் போட்டியிடுவதில்லை. நிவாரண விண்ணப்பப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து யாரும் நிவாரணம் கேட்க முடியாது.

கேரள உயர் நீதிமன்றம் 1996இல் சிவிக் சந்திரன் வழக்கைத் தீர்த்தது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற நாடகத்துக்கு எதிர்வினையாக அவர் எழுதிய நாடகம், மூலத்தின் காட்சிகளையும் உரையாடல்களையும் எடுத்தாண்டிருந்தது. எடுத்ததன் அளவும் மதிப்பும், எடுத்த நோக்கம், போட்டிக்கான வாய்ப்பு ஆகிய மூன்றையும் நீதிமன்றம் சீர்தூக்கியது. விமர்சனத்துக்காகவே எடுக்கப்பட்டது என்று கண்டு, எதிர் நாடகத்துக்கு இடம் தந்தது. மூலத்தைக் காட்டாமல் அதை மறுக்க முடியாது என்ற நிலை அணுகல் விளக்கத்துக்கும் உண்டு.

தில்லிப் பல்கலைக்கழக நகலகம் ஒன்றின் மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கு, ராமேசுவரி வழக்கு எனப்படுகிறது. பாடத்திட்டத்துக்காகத் தொகுத்த நகல்கள் மீறல் அல்ல என்று 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலின் தேவைக்கு ஏற்ற அளவா என்பதே அளவுகோல் என்று கூறியது. பக்க எண்ணிக்கையை வைத்து எல்லை வகுக்க அது மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2017இல் இதில் தலையிடவில்லை.

பிற நாடுகளில்

தமிழர் வாழும் நாடுகளில் இச்சட்டங்கள் வேறுபடுகின்றன. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம், அமெரிக்காவைப் போல, நியாயப் பயன்பாடு என்ற பொதுக் கொள்கையை ஏற்று நான்கு காரணிகளைத் தருகிறது. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே. இந்தியா, பிரிட்டன், கனடா ஆகியவை குறிப்பிட்ட நோக்கங்களைப் பட்டியலிடும் முறையைப் பின்பற்றுகின்றன. கனடா 2012இல் கல்வியைத் தன் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டன் 2014இல் மேற்கோளுக்குத் தனி இடம் தந்தது. யாழ்ப்பாணத்தில் தயாரித்த விளக்கத்தைச் சென்னையில் வெளியிடுபவர், எடுத்தாளும் நோக்கத்தைத் தெளிவாக எழுதிவைத்தால் அந்த விளக்கம் இரு சட்டங்களிலும் நிற்கும்.

பார்வையற்றோருக்கான மராக்கேஷ் உடன்படிக்கை 2013 ஜூன் மாதம் ஏற்கப்பட்டது. அதை உலகில் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா (2014 ஜூன்). 2016 செப்டம்பர் 30 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

மரக்காணம் கரையோரச் சான்றுகள்

கல்வெட்டும் கெஜட்டியரும். மரக்காணம் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டு வாசகத்துக்குப் பதிப்புரிமை இல்லை. கார்ஸ்டின் எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேடு (1878), பிரான்சிஸ் எழுதிய கெஜட்டியர் (1906) ஆகியவற்றின் உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இத்தகைய நூல்கள் இணையத்தில் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படக்கோப்புகளாகவே கிடைக்கின்றன. எழுத்தறிதல் செய்யப்படாத படத்தில் மென்பொருளுக்குப் படிக்க எதுவும் இல்லை. படத்தையும் தட்டச்சிட்ட உரையையும் அருகருகே வைத்து இங்கே தயக்கமின்றி முழுப் பக்கத்தையும் காட்டலாம். ஸ்கேன் செய்த செயலால் மட்டும் புதிய பதிப்புரிமை பிறப்பதில்லை.

புயல் அறிவிப்பு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் பகுதியும் கடும் மழைக்கு ஆளானது. புயலின் பாதையை வரைபடமாக மட்டும் ஏற்றி, கடக்கும் இடத்தையும் நேரத்தையும் உரையாகத் தராத எந்தப் பக்கமும் பார்வையற்ற மீனவருக்கு எச்சரிக்கை ஆகாது. வரைபடத்தைச் சிறிதாக்கிக் காட்டி, மென்பொருள் அதை எப்படிப் படிக்கிறது என்பதைப் பக்கத்தில் எழுதினால் போதும். நடப்புச் செய்தி அறிவித்தல் என்ற வழியும் இதற்கு உண்டு.

வெயிலும் எழுத்தின் நிறமும். உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். அளத்தில் நின்றபடி கைபேசியில் படிப்பவருக்கு மங்கிய சாம்பல் எழுத்து தெரியாது. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 நிற வேறுபாடு வேண்டும் என்கின்றன நெறிகள். வெள்ளைப் பின்னணியில் #777777 என்ற சாம்பல் நிறம் 4.48:1 மட்டுமே, அது தவறுகிறது. #767676 தேர்கிறது. இரு நிறப் பட்டைகளை வரைந்தாலே விளக்கம் முடிந்தது. தளத்தின் ஒரு சொல்லையும் எடுக்கத் தேவையில்லை.

விண்ணப்பப் பக்கம். பெயரிடப்படாத கட்டம், படமாக மட்டும் வரும் சரிபார்ப்பு எழுத்து, விரைவில் காலாவதியாகும் ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியவை மக்களைத் திருப்பி அனுப்பும் குறைகள். இங்கே பதிப்புரிமையைவிடத் தனியுரிமை பெரிது. பயனாளியின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் தனிநபர் தரவைக் காப்பதே. தானியங்கிக் கருவியால் தளத்தை முழுக்க வாரி எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவைத் தொடக்கூடும். பக்கம் பக்கமாகக் கையால் சோதிப்பதே ஏற்றது.

நல்ல நடைமுறை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். குறையைக் காட்டப் போதுமான பகுதியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். தளத்தின் பெயர், பக்க முகவரி, பார்த்த நாள், உலாவி, மென்பொருளின் பெயரும் பதிப்பும் படத்தின் கீழே இருக்க வேண்டும். குறையோடு தொடர்பில்லாத ஒளிப்படங்களை மங்கச் செய்வது நலம். வெளியிடும் முன் தளத்தாருக்குத் தெரிவித்துத் திருத்த அவகாசம் தருவது பண்பாடு. அனுமதி கேட்பது வேறு, அறிவிப்பது வேறு. திருத்தப்பட்டபின் அதையும் அதே இடத்தில் பதிவு செய்வது கடமை. அரசுத் தளங்கள் பலவற்றின் பதிப்புரிமைக் கொள்கை, உள்ளதை உள்ளபடி, தவறான பொருள் வராமல் எடுத்தாளக் கேட்கிறது. குறையைத் துல்லியமாகக் காட்டும் விளக்கம் அந்த நிபந்தனைக்கு உடன்பட்டதே. தளத்தின் பயன்பாட்டு விதி தடுக்கிறது என்பதால் மட்டும் நியாயமான விமர்சனம் பதிப்புரிமை மீறல் ஆகிவிடாது.

விளக்கத்தில் வைக்கும் ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டுக்கும் மாற்று உரை வேண்டும். காணொலிக்கு வசனவரி வேண்டும். யாருக்காக வாதாடுகிறோமோ அவர் படிக்க முடியாத பயிற்சிக் குறிப்பு, தான் கண்டிக்கும் தவறையே செய்கிறது.

இன்றைய நிலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், அடுத்து நிகழும் மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்க அதன் 89ஆம் பிரிவு வழிசெய்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது என்று கூறி, அச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 15(1) விதியைச் செல்லாததாக்கியது. பிரக்யா பிரசூன் வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று, எண்ம அணுகலை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. இதனால் புழக்கத்தில் உள்ள தளங்களைச் சோதித்துச் சான்றோடு காட்டும் பணிக்குத் தேவை கூடியுள்ளது. தமிழ்த் தளங்களைத் தமிழிலேயே விளக்கும் பயிற்சிப் பொருள்கள் பெருக வேண்டும்; அதற்குப் பதிப்புரிமைச் சட்டம் தடையாக நிற்கவில்லை.